குடும்பத்தோடு கொச்சி போய் வரலாம்!

வயதான தாயாரையும் அழைத்துக்கொண்டு, கடன் வாங்காமல், இரண்டே நாளில்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வருஷத்தில் கிடைக்கும் லீவு கொஞ்சம். அந்த லீவு போகும் திசையும் ஒன்றுதான். பொங்கலுக்கு ஊர். ஆடி மாதம் குலதெய்வத்துக்குப் படையல் போட ஊர். தங்கை மகள் சடங்கு, பங்காளி வீட்டுக் கல்யாணம், பெரியப்பா கருமாதி, எல்லாவற்றுக்கும் ஊர். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளரும் பிள்ளைகளுக்கு ஜோலார்பேட்டையும் சேலமும் மனப்பாடம். பத்து வயதாகியும் கடலைப் பார்க்காத பிள்ளைகள் அதே தெருக்களில் இருக்கிறார்கள்.

சுற்றுலா என்பது வசதி உள்ளவர்கள் சமாசாரம் என்று சொல்லித் தள்ளிப்போடுவது வழக்கமாகிவிட்டது. அப்படித் தள்ளிப்போடப் போட, பிள்ளைகள் வளர்ந்து விடுகிறார்கள். பெரியவர்களுக்கு முழங்கால் ஓய்ந்துவிடுகிறது. பிறகு கையில் பணம் வரும் நாளில் கூட வர ஆள் இருப்பதில்லை.

பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பிரயாணத்தில் எட்டக்கூடிய கடற்கரை நகரம் கொச்சி. தூரம் சுமார் 600 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ரயில் ஏறினால் சனிக்கிழமை காலையில் எர்ணாகுளத்தில் இறங்கலாம். ஞாயிறு மாலை திரும்பினால் திங்கள் காலையில் பெங்களூர். ஒரு நாள் சம்பளம்கூடப் போகாமல் போய் வர முடிகிற ஊர் இது.

ஆனால் கொச்சியில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு நாள் பூட்டிக் கிடக்கும். நடுப்பகல் வெயிலில் நடக்க முடியாது. யோசிக்காமல் புறப்பட்டால் பூட்டிய கதவையும் ஆட்டோ மீட்டரையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

யாரை வைத்துத் திட்டம் போடுவது?

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கணவருக்கு வேலை. மனைவிக்கு வயது 32. பத்து வயதில் ஒரு பெண், நான்கு வயதில் ஒரு பையன். கணவரின் தாயாருக்கு வயது 65. மொத்தம் ஐந்து பேர்.

இந்த மாதிரி வீட்டில் பிரயாணப் பேச்சு எடுத்ததும் தாயார் சொல்லும் பதில் எல்லா வீட்டுக்கும் பொது. "நான் எதுக்குப்பா? நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்." மகனும் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். அம்மாவுக்கு வர இஷ்டமில்லை என்று முடிவாகிவிடும்.

அந்தப் பதிலுக்குள் பல கவலைகள் உண்டு. மேல் படுக்கையில் ஏற முடியாது. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். வேகமாக நடக்க முடியாது. தன்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவு வரும். இந்த நான்கு கவலைக்கும் முன்கூட்டியே வழி செய்துவிட்டு, பிறகு கூப்பிட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

ஆகவே எந்த இடங்களைப் பார்ப்பது என்று பட்டியல் எழுதுவதற்கு முன்னால், குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். அவர் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடப்பார், எத்தனை மணிக்கு ஒரு முறை உட்கார வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு. அவருக்குச் சரிப்படும் திட்டம் நான்கு வயதுப் பையனுக்கும் சரிப்படும். ஆரோக்கியமானவர்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை.

எந்த மாதம்? எந்தக் கிழமை?

ஜூன் முதல் செப்டம்பர் வரை கொச்சியில் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் தாங்காது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். இதில் டிசம்பர் கடைசி வாரம் கோட்டைக் கொச்சியில் புத்தாண்டுத் திருவிழாக் கூட்டம். அறை வாடகை ஏறிவிடும். ஜனவரி நடுவில் பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும். மிச்சம் இருப்பது பிப்ரவரி. பிள்ளைகளின் ஆண்டுப் பரீட்சைக்கும் அப்போது கொஞ்சம் நாள் இருக்கும்.

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை அரசு அலுவலகங்களுக்கும் பாங்குகளுக்கும் விடுமுறை. தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வார ஓய்வை மாற்றிக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே மேஸ்திரியிடம் கேட்டு வைப்பது நல்லது.

இனி பூட்டு விவகாரம். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர் தொழுகைக்கூடத்துக்கு சனிக்கிழமை விடுமுறை. அது அவர்களுடைய ஓய்வு நாள். திருப்பூணித்துறை ஹில் பேலஸுக்கு திங்கட்கிழமை விடுமுறை. கோட்டைக் கொச்சி தேவாலயங்களில் ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்; அப்போது சுற்றிப் பார்க்கப் போவது முறையல்ல. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் திட்டம் தானாகவே அமைந்துவிடுகிறது. சனிக்கிழமை கோட்டைக் கொச்சி. ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி. இதை மாற்றிப் போட்டால் இரண்டு நாளும் கெடும்.

டிக்கெட்டுக்கு 60 நாள்

2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அதற்கு முன்பு 120 நாள் இருந்தது. இன்னும் 120 நாள் என்று நினைத்துக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. பிரயாண நாளை இந்த 60 நாளில் சேர்க்கக் கூடாது. காலை 8 மணிக்குக் கவுன்ட்டர் திறக்கும்.

பிப்ரவரி இரண்டாவது சனிக்கு முந்தின வெள்ளிக்கிழமை 7-ம் தேதிக்கும் 13-ம் தேதிக்கும் இடையே வரும். அதற்கு முன்பதிவு டிசம்பர் 9-க்கும் 15-க்கும் இடையே திறக்கும். ஞாயிற்றுக்கிழமைத் திரும்பும் டிக்கெட்டுக்கு அதிலிருந்து இரண்டு நாள் கழித்துப் போக வேண்டும். போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டு, திரும்பும் டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஞாயிறு மாலை எர்ணாகுளத்தில் நின்று தவிக்க நேரும். வேலைக்குத் திரும்புகிறவர்கள் எல்லோரும் ரயில் பிடிக்கிற மாலை அது.

இந்தக் குடும்பத்துக்கு ஏற்றது பெங்களூர் - கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ். இரவில் புறப்பட்டு சேலம், ஈரோடு, கோயமுத்தூர், பாலக்காடு, திருச்சூர் வழியாகக் காலையில் எர்ணாகுளம் டவுன் போய்ச் சேரும். கோலார் தங்கவயல்காரர்கள் பங்காரப்பேட்டையிலேயே ஏறிக்கொள்ளலாம். பகலில் போகும் இன்டர்சிட்டியும் உண்டு. ஆனால் அதில் போனால் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்தே போய்விடும். நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் எடுக்கும்போது ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். எர்ணாகுளத்தில் டவுன், ஜங்ஷன் என்று இரண்டு நிலையங்கள். உள்ளூர்க்காரர்கள் நார்த், சவுத் என்பார்கள். எந்த நிலையத்தில் இறங்குகிறோம், எதில் ஏறுகிறோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஆட்கள் இந்த ரயிலை இன்றும் ஐலண்டு எக்ஸ்பிரஸ் என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் இது கொச்சித் துறைமுகத்தின் வில்லிங்டன் தீவு வரை போய் நின்றது. தீவில் போய் நிற்கும் ரயில் என்பதால் வந்த பெயர் அது.

நான்கு வயதுப் பையனுக்கு டிக்கெட் தேவையில்லை, தாயோடு படுத்துக்கொள்ளலாம். ஐந்து வயது முடிந்து 12 நிரம்பாத பிள்ளைகளுக்குப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம். படுக்கை வேண்டும் என்றால் முழுக் கட்டணம். 2016 முதல் இதுதான் விதி. பையன் தாயோடு படுப்பதால் பத்து வயதுப் பெண்ணுக்குத் தனிப் படுக்கை எடுப்பதே நல்லது. ஆக நான்கு முழு டிக்கெட். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் மாதத்தோடு நிறுத்தப்பட்டது. தாயாருக்கும் முழுக் கட்டணம்தான்.

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை நம்பிக் குடும்பத்தோடு புறப்படக் கூடாது. அந்த டிக்கெட்டோடு படுக்கை வசதிப் பெட்டியில் ஏற அனுமதி இல்லை. தட்கல் என்பது கடைசி வழி. கட்டணம் கூடுதல், உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

கீழ் படுக்கை கிடைக்க வழி

60 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 45 வயது நிரம்பிய பெண்களுக்கும் ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ் படுக்கைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் கேட்க வேண்டுமானால், அந்த வயதுக்காரர் தனியாகவோ, அதே வயதுத் தகுதி உள்ள இன்னொருவரோடு மட்டுமோ ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். மகன், மருமகள், பேத்தியோடு ஒரே படிவத்தில் பெயர் எழுதினால் அந்த ஒதுக்கீடு பொருந்தாது. இது தெரியாமல் "பெரியவங்களுக்குக் கீழே கொடுக்கலையே" என்று கவுன்ட்டரில் சண்டை போடுபவர்கள் உண்டு.

தாயாருக்குத் தனி டிக்கெட் எடுத்தால் கீழ் படுக்கை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் வேறு பெட்டியில் விழுந்துவிடக்கூடும். முன்பதிவு திறக்கும் முதல் நாள் காலையிலேயே போனால் ஒரே டிக்கெட்டிலும் கீழ் படுக்கை கிடைப்பதுண்டு. படிவத்தில் கீழ் படுக்கை வேண்டும் என்பதைக் குறிக்க மறக்கக் கூடாது. அப்படியும் கிடைக்காவிட்டால், ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் கேட்கலாம். காலி இருந்தால் மாற்றித் தருவார். எதிரில் படுத்திருக்கும் இளைஞரிடம் கேட்டாலும் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

கடன் வாங்கிப் போக வேண்டாம்

சுற்றுலா முடிந்த மறுமாதமே வட்டி கட்ட ஆரம்பித்தால், பார்த்த கடல் மறந்து கட்டும் வட்டிதான் மனதில் நிற்கும். அடுத்த வருஷம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

மாதம் 1,200 ரூபாய் வீதம் பத்து மாதம் எடுத்து வைத்தால் 12,000 ரூபாய். ஏப்ரலில் தொடங்கினால் ஜனவரியில் கையில் இருக்கும். சீட்டுக் கட்டும் பழக்கம் உள்ளவர்கள் சிறு சீட்டு ஒன்று போட்டு அதை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். டிக்கெட் பணம் மட்டும் டிசம்பரிலேயே தேவைப்படும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு: இரண்டாம் வகுப்புப் படுக்கையில் போக வர 3,500. அறை வாடகை 2,500. சாப்பாடு 3,000. படகு, பஸ், ஆட்டோ 1,500. நுழைவுக் கட்டணம், பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்பது, எதிர்பாராத செலவு 1,500. ஆக மொத்தம் 12,000. அவரவர் வசதிப்படி இதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஐந்து கவரில் தனித்தனியாகப் போட்டு வைத்தால் எதில் கைமீறுகிறது என்று உடனே தெரியும். கடைசிக் கவர் மனைவியின் கையில் இருப்பது நல்லது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு நான்கு ஆண்டுத் தொகுதியில் ஒரு முறை சொந்த ஊருக்குப் பதிலாக இந்தியாவில் எந்த ஊருக்கும் போய்வர விடுமுறைப் பயணச் சலுகை உண்டு. அந்த வசதி உள்ளவர்கள் புறப்படும் முன்பே அலுவலகத்தில் தெரிவித்து, டிக்கெட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

எங்கே தங்குவது?

கோட்டைக் கொச்சியில் வெளிநாட்டார் தங்கும் விடுதிகள் அதிகம். அவற்றுக்கு ஏற்ற வாடகை. எர்ணாகுளத்தில் இரண்டு ரயில் நிலையங்களைச் சுற்றியும் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்ற லாட்ஜுகள் இருக்கின்றன. போன் செய்து மூன்று கேள்வி கேட்க வேண்டும். லிஃப்ட் உண்டா? உட்கார்ந்து எழ வசதியான வெஸ்டர்ன் கக்கூஸ் உண்டா? வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?

மூன்றாவது கேள்வி முக்கியமானது. காலை ரயிலில் இறங்குபவர்களை 12 மணிக் கணக்கு விடுதிகள் நண்பகல் வரை வெளியே உட்கார வைத்துவிடும். 24 மணி நேரக் கணக்கு விடுதியில் காலையிலேயே நுழைந்து குளித்துவிட்டுப் புறப்படலாம். பெரியவர்கள் அனைவரும் ஆதார் அட்டையோ வேறு அடையாள அட்டையோ வைத்திருக்க வேண்டும். உறுதியான ரயில் டிக்கெட் உள்ளவர்கள் ரயில் நிலைய ஓய்வறைக்கும் முயற்சி செய்யலாம், டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் இருந்தால்தான் பதிவு செய்ய முடியும்.

சனிக்கிழமை: கோட்டைக் கொச்சி

குளித்துச் சாப்பிட்டதும் ஹைகோர்ட் பக்கமுள்ள படகுத் துறைக்குப் போக வேண்டும். கொச்சியின் வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. இந்தியாவில் இந்த வகையில் முதலாவது இதுதான். மின்சாரத்தில் ஓடும் குளிர்சாதனப் படகுகள், கொச்சிக் கப்பல் தளத்தில் கட்டப்பட்டவை. கோட்டைக் கொச்சிக்கு 2024 ஏப்ரல் முதல் ஓடுகிறது. படகின் தளமும் துறையின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்கள் சிரமமின்றி ஏறலாம். எர்ணாகுளம் மெயின் ஜெட்டியிலிருந்து அரசுப் படகும் உண்டு. சில ரூபாய்தான் கட்டணம். காற்று முகத்தில் அடிக்கப் போக ஆசைப்படுபவர்களுக்கு அது நல்லது. ஒரு வழி அதில், ஒரு வழி இதில் என்று வைத்துக்கொள்ளலாம். பையனுக்கு அதுவே பெரிய திருவிழா.

கரையில் இறங்கினால் சீன வலைகள். நீண்ட மரக்கால்களில் விரிந்த வலையைத் தண்ணீரில் இறக்கி, கயிற்றில் கோத்துத் தொங்கும் பாறாங்கற்களின் பாரத்தால் மேலே தூக்குகிறார்கள். ஏற்றம் இறைத்துப் பார்த்திருக்கும் பாட்டிக்கு இதன் சூட்சுமம் உடனே புரியும்; பேத்திக்கு அவரே விளக்கிவிடுவார். கயிற்றை இழுத்துப் பார்க்கலாம் என்று அங்குள்ளவர்கள் கூப்பிட்டால் காசு எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

கொஞ்ச தூரத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-ல் போர்ச்சுகீசியர்கள் எழுப்பிய கோயிலின் தொடர்ச்சி. சரித்திரப் பாடத்தில் வரும் வாஸ்கோ ட காமா 1524-ல் கொச்சியில் இறந்தபோது இங்கேதான் புதைக்கப்பட்டார். பின்னர் அவர் உடலை போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லறை இருந்த இடம் இன்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே கயிறு கட்டி இழுக்கும் பழைய துணி விசிறிகளையும் பார்க்கலாம். ஆராதனை நேரத்தில் வெளியே நின்று இந்தக் கயிற்றை இழுத்தவர்கள் கூலிக்காரர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கோட்டைக் கொச்சிக் கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது. நீரோட்டம் பலமானது. கப்பல் போகும் வழி அது. கடலில் குளித்தே தீர வேண்டும் என்பவர்கள் வைப்பின் தீவிலுள்ள செராயி கடற்கரைக்குப் போகலாம். ஆனால் அதற்கு இன்னும் அரை நாள் வேண்டும். இரண்டு நாள் திட்டத்தில் அதைச் சேர்த்தால் பாட்டி களைத்துவிடுவார்.

பகல் 12 மணிக்கு மேல் 3 மணி வரை வெளியே நடமாடாமல் இருப்பது அவசியம். பெங்களூர் மேட்டுப் பிரதேசம். அந்தக் குளுமையில் பழகிய உடம்புக்குக் கொச்சியின் உப்புக் காற்றும் வியர்வையும் சட்டென்று களைப்பைக் கொடுக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு நிழலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

தமிழ் பேசும் துணிதுறை

மாலையில் வெயில் தாழ்ந்ததும் கோட்டைக் கொச்சியில் வெளி என்ற பகுதிக்கு ஆட்டோவில் போகலாம். அங்கே தோபிகானா என்ற சலவைத் துறை இருக்கிறது. வேலை செய்பவர்கள் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய சிப்பாய்களின் உடுப்புகளைத் துவைப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று இவர்கள் சொல்கிறார்கள்.

டச்சுக்காரர்கள் போனார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து போனார்கள். துணி துவைக்க வந்தவர்கள் மட்டும் அங்கேயே நிலைத்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித் தொட்டி, தனிக் கல். இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப் தேவையில்லை. கனத்த இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுத் தேய்ப்பதை இன்றும் காணலாம்.

பெங்களூரில் வளரும் பெண் குழந்தை இதைப் பார்ப்பது நல்லது. பள்ளிக்கூடத்தில் "உன் ஊர் எது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று விழிக்கிற வயது. வேலை தேடி எல்லை தாண்டி வந்த குடும்பம் தன் குடும்பம் மட்டும் என்ற எண்ணம் அவளுக்கு இருக்கலாம். பல தலைமுறைக்கு முன்பே வந்து, மலையாளத்தில் கணக்குச் சொல்லி, வீட்டில் தமிழ் பேசி வாழ்கிறவர்களை நேரில் பார்த்தால், ஊர் என்பதற்கு ஒன்றுக்கு மேல் அர்த்தம் உண்டு என்று தெரிந்துகொள்வாள்.

அது அவர்கள் உழைக்கும் இடம் என்பதை மறக்கக் கூடாது. உள்ளே போகுமுன் கேட்க வேண்டும். படம் எடுக்குமுன்பும் கேட்க வேண்டும். வேலை செய்பவரை நிறுத்தி வைத்துப் பேசக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை: மட்டாஞ்சேரி

காலையில் அறையைக் காலி செய்து, சாமான்களை விடுதியிலோ ரயில் நிலைய கிளாக் ரூமிலோ வைத்துவிடலாம். கிளாக் ரூமில் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். சிறு பூட்டு ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்து வர வேண்டும்.

எர்ணாகுளத்திலிருந்து தோப்பும்படி வழியாக மட்டாஞ்சேரிக்குப் போகும் பஸ், வில்லிங்டன் தீவைக் கடந்து செல்லும். கடலடியில் தோண்டிய மண்ணைக் கொட்டி மனிதர்கள் உண்டாக்கிய தீவு இது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920-ல் இங்கு வந்து இந்தத் துறைமுகத்தை அமைத்தார். தீவை ஒட்டிய வாத்துருத்தியில் கூலி வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்கள் நெருக்கமான வீடுகளில் வசிக்கிறார்கள். டச்சுக்காரர் காலத்தில் தொடங்கியது இன்னும் முடியவில்லை.

மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்று சொன்னாலும் 1555-ல் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1663-க்குப் பின் டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள். பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. சுவர்களில் ராமாயணக் காட்சிகள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. இங்கே பாட்டிதான் வழிகாட்டி. எது எந்தக் காட்சி என்று பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொல்லட்டும். ராஜாக்களின் பல்லக்குகளும் இருக்கின்றன.

பக்கத்திலேயே யூதர் தெரு. 1568-ல் கட்டிய தொழுகைக்கூடம் தெருமுனையில் நிற்கிறது. மணிக்கூண்டு 1760-ல் சேர்ந்தது. தரையில் பதித்த சீனத்து ஓடுகள் ஒவ்வொன்றும் கையால் வரைந்தவை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பல நூறு ஆண்டுகள் இங்கே வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோர் 1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு அங்கே குடிபோய்விட்டார்கள்.

தெருவெங்கும் மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசனை. கலைப்பொருள் கடைகளின் விலை சுற்றுலாக்காரர்களைப் பார்த்துச் சொல்லும் விலை. ஊருக்குக் கொடுக்க ஏதாவது வாங்க வேண்டுமென்றால் மிளகு வாங்கலாம். வீட்டுக்கு ஆகும், சுமையும் இல்லை.

நேரம் மிச்சமிருந்தால் மாலை ரயிலுக்கு முன் எர்ணாகுளம் மரைன் டிரைவில் சற்று உட்காரலாம். ஹில் பேலஸ் இந்தத் திட்டத்தில் இல்லை. அதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாடும் பாஷையும்

கேரள ஓட்டல்களில் குண்டு அரிசிச் சோறு. பிடிக்காதவர்கள் வெள்ளை அரிசி என்று கேட்டு வாங்கலாம். குடிக்க இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வைப்பார்கள். பயப்பட வேண்டாம்; பதிமுகம் என்ற மரத்தின் துண்டுகளைப் போட்டுக் கொதிக்க வைத்தது. வயிற்றுக்கு நல்லது என்பார்கள். செலவு அடங்க வேண்டுமானால் இந்தியன் காபி ஹவுஸ் உண்டு. தொழிலாளர்களே நடத்தும் கூட்டுறவு இது. இதன் முதல் சங்கம் 1957-ல் பெங்களூரில்தான் பிறந்தது. கேரளத்தில் முதல் காபி ஹவுஸ் 1958-ல் திருச்சூரில் திறந்தது.

கொச்சியில் தமிழ் பேசினால் புரிந்துகொள்வார்கள். அவர்கள் பேசுவதுதான் சில சமயம் திகைக்க வைக்கும். "வெள்ளம் வேணோ?" என்று சர்வர் கேட்டால் பாட்டி பதறத் தேவையில்லை. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். சாயா என்றால் தேநீர். வயதில் மூத்தவரை "சேட்டா" என்றும் "சேச்சி" என்றும் அழைத்துக் கேட்டால் முகம் மலர்ந்து வழி சொல்வார்கள்.

வீட்டுக்காரிக்கும் லீவு உண்டா?

பல வீடுகளில் சுற்றுலா என்றால் சமையலறை இடம் மாறுவது என்று அர்த்தம். புறப்படும் நாள் விடியுமுன் எழுந்து புளியோதரை கிளறுவது, நான்கு நாளுக்கு வேண்டியதை மூட்டை கட்டுவது, விடுதிக் குளியலறையில் பையன் துணியை அலசுவது, எல்லோர் தட்டையும் பார்ப்பது, எல்லாம் மனைவி தலையில். திரும்பி வந்தால் அழுக்குத் துணி மூட்டையும் அவருக்குத்தான். கடலைக் கண்ணால் பார்க்க அவருக்கு எத்தனை நிமிஷம் கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

இரவு ரயிலுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கட்டினால் போதும். மற்ற வேளைக்குக் கவரில் 3,000 ரூபாய் இருக்கிறது. ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி கூடுதலாக எடுத்துக்கொண்டால் விடுதியில் துவைக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலை கணவர் பையனையும், பெண் பாட்டியையும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு மணி நேரம் அவர் கரையில் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். திட்டத்தில் இதையும் நேரம் போட்டு எழுதி வைத்தால்தான் நடக்கும்.

தாயாரின் மருந்துகளை நான்கு நாளுக்குக் கணக்கிட்டுக் கைப்பையில் வைக்க வேண்டும், பெட்டியில் அல்ல. டாக்டர் சீட்டின் நகல் ஒன்றும் கூட இருக்கட்டும். பையனின் சட்டைப் பையில் அப்பாவின் போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு இருப்பது நல்லது. படகுத் துறைக் கூட்டத்தில் கை நழுவினால் அது உதவும்.

திங்கட்கிழமை காலை

ஞாயிறு மாலை எர்ணாகுளம் டவுனில் ஏறினால் திங்கள் காலை பெங்களூர். ரயில் தாமதமாகும் நாளும் உண்டு. நேராக முதல் ஷிப்டுக்குப் போகலாம் என்று துணிவதைவிட, இரண்டாம் ஷிப்டு மாற்றிக் கேட்பதோ அரை நாள் லீவு சொல்லி வைப்பதோ புத்திசாலித்தனம். பெண்ணுக்குப் பள்ளியில் ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிடலாம்.

முதலில் செய்ய வேண்டிய காரியம் மூன்று. காலண்டரில் பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமையைக் கண்டுபிடித்து வட்டம் போட வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி டிசம்பரில் இன்னொரு வட்டம் போட வேண்டும். பிறகு தாயாரிடம் போய், "அம்மா, உனக்குக் கீழ் படுக்கைக்கு ஏற்பாடு பண்றேன். லிஃப்ட் இருக்கிற லாட்ஜ். ஒரு நாளைக்கு ஒரு இடம்தான். வர்றியா?" என்று கேட்க வேண்டும்.